நாவப்பழக் காரும் திருமூர்த்தி அண்ணன் முதுகும்

கோயமுத்தூர் கணபதியில், வார்ப்படப் பட்டறைகளின் கரிவாசனையைப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டுப்படுகிற எங்கள் பவுண்டரி வீதியில், லோகு அக்கா காரை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்றால், இப்போது எந்த இடத்தில் போய்க்கொண்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள யாரும் அவருக்குப் போன் போடுவதில்லை. நேராக என் பேக்கரிக்கு வந்து, வாசல் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருக்கிற அக்காவின் வீட்டுக்காரர் திருமூர்த்தி அண்ணனைப் பார்ப்பார்கள். அண்ணன் வலது பக்கம் சாய்ந்தால் கார் இடது பக்கம் திரும்புகிறது, லேசாக எம்பி உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்து வேகத்தடை, முன்னால் குனிந்து டீயை வேட்டியில் சிந்திக்கொண்டால் எவனோ ஸ்கூட்டர்க்காரன் குறுக்கே வந்து அக்கா பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும், பப்ஸ் விற்கிற எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இது தொடங்கியது நான் பிறப்பதற்கு முன்னால். ஆனாலும் எங்கள் வீதியில் இதை நேரில் பார்க்காதவர் என்று யாருமே கிடையாது, பிற்பாடு பிறந்தவர்கள் உள்பட. ஆகவே நானும் பார்த்தபடியே சொல்கிறேன்.

அந்தக் கார் அமெரிக்காவில் செய்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், பழுத்த நாவப்பழத்தின் நிறம். வால்பாறை எஸ்டேட் முதலாளி ஒருவர் கப்பலில் வரவழைத்து, அது குடிக்கிற பெட்ரோலைக் கண்டு பயந்து, பவுண்டரிக்காரர் மகனான திருமூர்த்தி அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அண்ணன் அதில் திங்கள் முதல் சனி வரை டிக்கி நிறைய வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு மில் போவார். ஞாயிற்றுக்கிழமை அதே காரை மெட்ராஸ் பக்கத்துப் பழைய விமான ஓடுதளத்துக்கு ஓட்டிப்போய்ப் பந்தயம் விடுவார். தெருவில் ஓடாத வண்டி பந்தயத்தில் ஓடுவதும் ஒரு ஓட்டமா என்பது அவருடைய கட்சி.

அந்த வண்டியின் உயிர் எஞ்சினில் இருந்தது என்றால் உடம்பு அடிச்சட்டத்தில் இருந்தது. மெக்கானிக்குகள் சேஸ் என்பார்கள். முன்னிருந்து பின் வரை ஓடுகிற இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், படுக்கவைத்த 'ப' எழுத்தைப் போல ஒரு பக்கம் திறந்தவை. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். பந்தயத்தில் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் அந்த எஞ்சின் தன் சொந்த உடம்பையே முறுக்கிப் பார்க்கும். அமெரிக்காவில் தெருவண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள், திறந்த பக்கத்தைக் கனத்த தகடு வைத்து மூடி வெல்டிங் அடித்து, சட்டத்தை நான்கு பக்கமும் அடைத்த பெட்டியாக்கிவிடுவார்கள் என்று அண்ணன் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, வீதிக் கோடியில் பட்டறை வைத்திருந்த செபஸ்தியானிடம் சொன்னார். செபஸ்தியான் இடது கைக்காரர், அதிகம் பேசாதவர், வெல்டிங் ராடைப் பிடித்தால் சுற்றி என்ன நடந்தாலும் தெரியாதவர். அவர் தகடுகளை அளந்து வெட்டிச் சுவரில் சாய்த்தும் வைத்துவிட்டார். வரும் பந்தயம் முடியட்டும், வந்ததும் அடித்துவிடலாம் என்று அண்ணன்தான் சொன்னார்.

அந்தப் பந்தயத்தில் டயர் வெடித்தது. கார் கவிழ்ந்து, உருண்டு, நடுச்சட்டம் மடங்கிக் கிடந்தது. அண்ணனின் முதுகும் சரியாக அதே இடத்தில் மடங்கியிருந்தது.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இனி படுக்கைதான் என்று சொன்னார்கள். லோகு அக்கா கல்யாணமாகி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர், அழக்கூட நேரமில்லாமல் ஒன்றைக் கவனித்தார்: வராந்தாவில் யாரோ வந்து, நொறுங்கின காரைக் கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே சமயத்தில், அசையவே மாட்டார் என்று சொல்லப்பட்ட அண்ணனின் உடம்பு தலையணையை விட்டு அரைச்சாண் உயர்ந்து, ஊசலாடி, மெதுவாக இறங்கிப் படுத்தது. அக்கா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி, ஊர் வந்து, செபஸ்தியான் பட்டறையில் இறங்கினார்.

"அண்ணா, மொதல்ல வண்டியச் செரி பண்ணுங்க."

"வண்டி கெடக்குதும்மா. மாப்பிள்ளைக்கு எப்பிடி இருக்குது?"

"அதத்தானுங்க சொல்றேன். வண்டியச் செரி பண்ணுங்க."

துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வீதி உச்சுக்கொட்டியது. செபஸ்தியான் மட்டும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. சங்கிலி போட்டு, ஜாக்கி வைத்து, மடங்கின சட்டத்தை அவர் மயிரிழை மயிரிழையாக நிமிர்த்த, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அண்ணன் அலறின அலறலில் நர்சுகள் ஓடிவந்தார்கள், ஓடிவந்தவர்கள் கண்முன்னால் அவர் முதுகு நேராகிக்கொண்டே போனது. பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த தகடுகளை எடுத்து, திறந்த சட்டத்தை மூடி, செபஸ்தியான் இடது கையால் வெல்டிங் இழுத்தார். வளைவில் வண்டி சாய்ந்துவிடாமலிருக்க, பழைய லாரியின் கம்பி ஒன்றை வளைத்துப் பின் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காகப் போட்டார். ஒவ்வொரு வெல்டிங்கையும் முடிக்கும்போது அந்த முடிவில் சின்னதாக ஒரு சிலுவையை இழுத்துவிடுவது அவர் வழக்கம். கடைசிச் சிலுவையை இழுத்து அவர் ராடை வைத்தபோது, ஆஸ்பத்திரியில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

அவர் முதுகில், கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை, தண்டின் இரண்டு பக்கமும் வரி வரியாகத் தழும்பு ஓடியிருந்தது. கத்தி படாத இடத்தில் தழும்பு எப்படி வந்தது என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீதியில் அதை யாரும் கேட்கவில்லை. வெல்டிங் அடித்தால் தழும்பு நிற்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது?

அதன்பிறகு வீதி அந்த வண்டியோடு பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் விடிந்துவிடும். ஜாக்கி வைப்பதற்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, "தூக்கறோமுங்க" என்று சொல்லிவிட வேண்டும், அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். மழை வந்தால் தங்கள் வீட்டுக் கொடித் துணியை எடுப்பதற்கு முன்னால் பெண்கள் ஓடிப்போய்க் காருக்குத் தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள், ஏனென்றால் கார் நனைந்தால் அண்ணன் தும்முகிற தும்மலில் யாரும் தூங்க முடியாது. ஆயுதபூஜையன்று காருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தால் அண்ணன் மேலெல்லாம் சந்தனம் மணக்கும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது அவருக்குப் பல் கூசும். ஒரு வருஷம் பூனை ஒன்று சேஸுக்கு மேலே ஏறிக் குட்டி போட்டுவிட, குட்டிகள் கண்திறக்கும் வரை அவர் மல்லாந்து படுக்காமல், முதுகில் ஏதோ உறுமுகிறது என்று சிரித்துக்கொண்டே திரிந்தார். எலும்பு டாக்டர் ஒருவர் கொஞ்ச நாள் முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மருந்துச் சீட்டிலேயே கிரீஸ் அடிக்கும்படி எழுதிக் கொடுத்தார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா.

ஒரே ஒரு தடவைதான் தப்பு நடந்தது. செபஸ்தியான் காலமான பிறகு பட்டறையை ஏற்ற அவர் மகன் மரியநாதன், பின்னால் போட்டிருந்த லாரிக் கம்பி தேய்ந்துவிட்டதே என்று, புத்தம்புதிதாகக் கடையில் விற்கிற பளபளப்பான கம்பி ஒன்றை வாங்கிப் பூட்டினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனுக்குக் காய்ச்சல் கொதித்தது, நாக்கில் இரும்புச்சுவை என்றார், யாரையும் அடையாளம் தெரியவில்லை. புதுக் கம்பியைக் கழற்றி, விபத்து நடந்த காலத்து லாரி ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் கம்பியை மாட்டின பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. அந்த உடம்பு தன் காலத்து இரும்பைத் தவிர வேறெதையும் ஏற்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். எங்கேயாவது மில் கூரை பிரித்தால், பழைய லாரி உடைத்தால், எங்கள் வீதி ஆள் ஒருவர் போய் நின்று, "இது எந்தக் காலத்துதுங்க?" என்று கேட்பார். என் அப்பா பேக்கரி அடுப்பை மாற்றினபோது அதன் இரும்புக் கதவை எடைக்குப் போடாமல், திருமூர்த்திக்கு ஆகும் என்று பரணில் ஏற்றிவைத்தார். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் அண்ணன் அந்தக் காரில் மறுபடி ஏறியதே இல்லை. தன் முதுகின் மேல் தானே எப்படி உட்காருவது என்று கேட்பார். ஆகவே அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். பூவுக்கும், காய்க்கும், கல்யாணத்துக்கும் அக்கா ஓட்டிப்போவார், அண்ணன் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பயணத்தை முதுகால் பார்ப்பார். ஒரு புருஷன் பெண்டாட்டி இத்தனை வருஷம் இப்படி ஒருவரை ஒருவர் சுமந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புது உத்தரவு வந்தது. ஐம்பது வயது தாண்டின வண்டிகள் எல்லாம் சோதனைக்கு நிற்க வேண்டும், பிறந்த வடிவத்தில் இருந்தால் பழம்பெரும் வண்டி என்று சான்றிதழ், அடிச்சட்டத்தில் கைவைத்திருந்தால் உடைப்புக்கு. உத்தரவை யாரோ பேக்கரியில் சத்தம் போட்டுப் படித்தார்கள், உடைப்பு என்ற சொல் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். மீதியை யாரும் கேட்கவில்லை. அந்த மீதியில்தான் எல்லாமே இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

அண்ணன் கையிலிருந்த டீயை முழுசாகக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மரியா, அந்தத் தகட்டையெல்லாம் வெட்டி எடுத்துரு. வண்டி பொறந்த மாதிரியே நிக்கட்டும். நான் படுத்துக்கறேன்."

மரியநாதன் தலை குனிந்துகொண்டார். லோகு அக்கா எதிர்ச்சாரியிலிருந்து வீதியைக் கடந்து வந்தார்.

"என்னுங்க சொல்றீங்க?"

"வெட்டுனாப் படுக்கையோட போயிரும், லோகு. வெட்டலீன்னா வண்டியே போயிரும். வண்டி போச்சுன்னா..." அண்ணன் நிறுத்திக்கொண்டார். வண்டியை நசுக்குகிற யந்திரத்தை நாங்கள் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருக்கிறோம்.

"வந்த மொத மாசம் நான் உங்கள நிக்க வெச்சேன்," என்றார் அக்கா. "என்ற கையாலயே படுக்க வெக்கச் சொல்றீங்களா? எனக்கு நீங்க நிக்கோணும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார்.

அப்போதுதான் மரியநாதன் அந்த யோசனையைச் சொன்னார். தகட்டை வெட்ட வேண்டாம். வந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது தகடு இல்லை, வெல்டிங்தான். அந்த மேடு பள்ளம்தான் காட்டிக்கொடுக்கும். மேட்டைத் தேய்த்துச் சமமாக்கி, கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டால், தொழிற்சாலையிலிருந்து அப்படியே இறங்கின சட்டம் மாதிரி இருக்கும். எங்கள் வீதியில் ஒரு பெருமை உண்டு: வார்ப்பாகட்டும் வெல்டிங்காகட்டும், தடம் தெரியாமல் வழவழப்பாக முடித்துக் கொடுப்பதில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. அந்தப் பெருமை எங்களை அன்றைக்குக் குருடாக்கிவிட்டது. எல்லாரும் சரி என்றோம், நானும் சரி என்றேன்.

காலையில் கிரைண்டிங் மெஷின் ஓட ஆரம்பித்தது. அண்ணன் என் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் பொறி பறக்கப் பறக்க, அவர் சட்டைக்குள்ளிருந்து கறுப்பாக இரும்புத்தூள் உதிர்ந்து பெஞ்சிலும் தரையிலும் விழுந்தது. நிறுத்தச் சொல்லட்டுங்களா என்று கேட்டேன். வேண்டாம், அவன் நமக்காகத்தானே பண்ணுறான் என்றார். மெஷின் நின்றபோது வாசலைக் கூட்டி அந்தத் தூளை முறத்தில் அள்ளினேன், குப்பையில் கொட்ட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

அடுத்த நாள் ரொட்டி வாங்க வந்த லோகு அக்கா முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.

"ஏன்க்கா, என்னாச்சுங்?"

"அவருக்கு எண்ணெ தேய்ச்சு உட்டேன் குணா. இத்தன வருசமா மங்கிக் கெடந்த தழும்பு, புசுபுசுன்னு ஏந்திரிச்சுருக்குது. தடிமனா, செவப்பா. சட்டையே தூக்கிட்டு நிக்குது. உங்க மரியன் இரும்புல சொரண்டுனது அத்தனையும் இங்க வந்து ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது."

"வலிக்குதுங்களாமா?"

"வலிக்கலியாமா. கனக்குதாமா."

சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தாட்சாயணி என்று சட்டையில் பெயர் இருந்தது. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. பப்ஸ் நீட்டினேன், தொடவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. பிறகு சாக்கை விரித்து, டார்ச்சும் சின்னச் சுத்தியும் எடுத்துக்கொண்டு, தயங்காமல் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். சட்டத்தைச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

எதிர் வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "யாருங்க? கதவு தெறந்துதான் இருக்குது, வாங்க."

இன்ஸ்பெக்டர் இன்னொரு தட்டுத் தட்டினார்.

"அட, உள்ள வாங்கன்னா!"

வண்டிக்கு அடியில் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்து, உடுப்பிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, வீட்டு வாசலில் வந்து நின்ற அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சட்டத்தோட திறந்த பக்கம் தகடு வெச்சு மூடியிருக்குது. ஆனா வெல்டிங் இல்ல. வெல்டிங் இல்லாமத் தகடு காத்துல நிக்குமா? யாரு இதைத் தேய்ச்சது?"

மரியநாதன் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தானுங்க மேடம்."

"எதுக்கு?"

"சேஸுல கைவெச்சிருந்தா வண்டி போயிரும்னு..."

"உத்தரவை முழுசாப் படிச்சீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "அந்தக் காலத்துலயே, அந்தக் காலத்து இரும்புல, அந்தக் காலத்து முறையில செஞ்ச மாற்றம்னா ஏத்துக்கலாம்னு அடுத்த வரியே இருக்குது. இந்த மாதிரி வண்டிக்குப் பெட்டி அடிக்கறதுங்கறது அப்ப பந்தயம் ஓட்டினவங்க எல்லாரும் செஞ்ச வேலை. வெல்டிங்கோட முகத்தைப் பார்த்தா எந்தக் காலத்து ராடு, எந்தக் காலத்துக் கைன்னு நானே சொல்லியிருப்பேன். இப்ப என் கண்ணுக்குத் தெரியறது போன வாரம் ஓடின கிரைண்டரோட கீறல் மட்டும்தான். நான் இதுல எதை எழுதட்டும்?"

மரியநாதன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் அப்பாவின் கைவேலையைத் தன் கையாலேயே அழித்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வழவழப்பாக முடிக்கிற எங்கள் பெருமை எங்கள் கண் முன்னாலேயே பளபளவென்று நின்றது.

அக்காதான் முன்னால் வந்தார்.

"மேடம், அந்த வெல்டிங் எங்கயும் போகலீங்க. இருக்குது. காட்டட்டுங்களா?"

அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, காருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, பட்டன்களைக் கழற்றி, சட்டையை இறக்கினார். காலை வெயில் முதுகில் விழுந்தது. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், செம்பு நிறத்தில், மீன் செதில் அடுக்கினாற்போல வரி வரியாக ஏறி இறங்கி, வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த தழும்புதான், ஆனால் நாங்கள் யாரும் அதை அன்றுவரை படித்துப் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் காரின் பானட்டில் வைத்தார். கிட்டத்தில் குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வரியெல்லாம் எதிர்ப்பக்கம் சாயுது. இடது கைக்காரர்." கொஞ்சம் கீழே வந்தார். "இது இப்பத்த ராடு இல்ல, இப்பத்ததுல அலை இவ்வளவு நெருக்கமா விழாது. மெதுவா இழுத்திருக்கார். எங்கயும் கை நடுங்கல." இன்னும் கீழே வந்து நின்றார். "இங்க முடிக்கற எடத்துல இது என்ன?"

"சிலுவைங்க," என்றார் தரையிலிருந்த மரியநாதன். எழுந்து வந்து, அந்தச் சின்னச் சிலுவையை ஒரு விரலால் தொட்டார். "எங்கப்பாங்க. எங்கப்பா கைங்க இது."

அப்போது இன்ஸ்பெக்டர் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். வண்டி சோதிக்கிறவர்கள் சேஸ் நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்களே, அதேபோல ஒரு நீளத்தாளை எடுத்து, அண்ணன் முதுகில் ஒட்ட வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து, ஒரு தாய் பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மெதுவில், மேலிருந்து கீழே தேய்த்துக்கொண்டே வந்தார். தாளில் வரிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவர் கை அழுத்தின இடத்தில் எல்லாம் பக்கத்தில் நின்ற கார் ஸ்பிரிங்கில் மெல்ல இறங்கி இறங்கி ஏறியது. அதையும் அவர் பார்த்தார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனார். தகடும் சட்டமும் சேருகிற கோட்டில் அதை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் முடிவும் பொருந்தியிருக்க வேண்டும், ஏனென்றால் வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"மாற்றம் உண்டு, அந்தக் காலத்து வேலை, அந்தக் காலத்து இரும்பு. அப்படித்தான் எழுதப்போறேன்," என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. தேய்ச்ச எடத்துல பிடிமானமே போயிருச்சு. மறுபடி வெல்டிங் அடிக்கவும் கூடாது, அடிச்சா அது புது மாற்றம். இனிமே அந்தத் தகட்டைத் தாங்கறதுக்கு இரும்புல ஒண்ணுமில்ல. தாங்கறது எங்க இருக்குதுன்னு நீங்களே பார்த்தீங்க. அதனால மெதுவாப் போங்க, பாரம் ஏத்தாதீங்க."

நாங்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். ஐம்பது வருஷமாக வண்டி அவரைத் தாங்கியது. இனி வண்டியை அவர் தாங்க வேண்டும். தள்ளாத வயதில் ஒரு மனுஷனிடம் கேட்கக்கூடிய காரியம்தானா அது? அண்ணனோ சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டனை ஒவ்வொன்றாகப் பூட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லோகு, மேடத்த ஆபீஸ்ல எறக்கி உட்டுட்டு வா. வெயில்ல எப்பிடிப் போவாங்க."

"அண்ணா, இப்ப வேணாமுங்க, ஆட்டோ கூப்புடறேன்," என்று பதறினேன்.

"சும்மா இர்றா குணா."

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். நாவப்பழக் கார் உறுமி, இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொண்டு, வீதியைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. அண்ணன் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மரியநாதன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீதியே சுற்றி நின்றது.

வலது பக்கம் சாய்ந்தார், நிமிர்ந்தார். வேகத்தடையில் எம்பினார், பல்லைக் கடித்துக்கொண்டார், நெற்றியில் வியர்வை கொட்டியது. இதுவரை அவர் வளைவுகளில் வெறுமனே சாய்ந்து கொடுத்துத்தான் பார்த்திருக்கிறோம். இப்போது ஒவ்வொரு வளைவிலும் எதையோ விழாமல் பிடித்துக்கொள்கிறவர் போல விரல்கள் வெளுத்தன. மேம்பாலம் ஏறும்போது மூச்சை இழுத்தார், இறங்கும்போது விட்டார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக முன்னால் சாய்ந்து, அசையாமல் இருந்தார்.

"வந்து சேந்துட்டாங்க," என்றார். "அந்தம்மா எறங்குறாங்க." கொஞ்சம் பொறுத்து அவர் முகம் மாறியது, கண்ணில் நீர் கோத்தது. சுத்தியல் தட்டினபோது யாரென்று கேட்ட மனுஷன் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. "தட்டிக் குடுக்கறாங்க. உள்ளங்கையால. ரெண்டு தட்டு."

அண்ணன் மறுபடி சாய ஆரம்பித்தார், திரும்பி வருகிற வழி. எனக்குத் தாங்கவில்லை.

"ரொம்பக் கனக்குதுங்களாண்ணா?"

அவர் என்னை ஏதோ விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இப்ப அவ மட்டுந்தானே இருக்கறா," என்றார். "அவ எனக்கு எப்படா கனத்துருக்கறா?"

சொல்லிவிட்டு இடது பக்கம் சாய்ந்தார். கார் எங்கள் வீதிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.